தொண்ணூறு இறகு வருகைப் பதிவேடு

ஒரு காட்டில் ஒரு சட்டம் இருந்தது. சிங்கமும் இருந்தது, இல்லாமலா? ஆனால் இந்தக் கதையில் அதற்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. சிங்கத்தைப் பார்க்கலாம் என்று ஆசையாக வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சட்டத்தின் பெயர் காட்டுக் கல்விச் சட்டம். அதில் இரண்டு பிரிவுகள் ரொம்பப் பிரசித்தம். பள்ளியில் எந்த மாணவரும் எந்த மாணவரையும் கேலி செய்யக் கூடாது, கடிக்கக் கூடாது, வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது என்றது ஒன்பதாம் பிரிவு. வெளிக்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளை எந்தக் காகிதமும் கேட்காமல் பள்ளியில் உட்கார வைக்க வேண்டும் என்றது பதினோராம் பிரிவு. இரண்டையும் எழுதியவர்கள் நல்ல மனசோடுதான் எழுதியிருக்க வேண்டும். நல்ல மனசு ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

அந்தக் காட்டின் ஏரிக்கரையில் ஒரு தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியர் ஒரு முள்ளம்பன்றி. முள்ளுக்குப் பயந்து யாரும் கிட்டப் போய்ப் பேசுவதில்லை என்பதால், அவர் பள்ளியில் குறை என்று ஒன்று இருந்ததே இல்லை. 'கொடுமைப் புகார்: இல்லை' என்று ஐந்து வருஷமாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். ஆறாவது வருஷமும் அப்படியே எழுதிவிட்டால் 'கொடுமையில்லாப் பள்ளி' என்று ஒரு கேடயம் வரும். அதை வைக்க அலமாரியில் இடம்கூட ஒழித்து வைத்திருந்தார்.

சட்டப்படி பள்ளி வாசலில் ஒரு புகார்ப் பெட்டி தொங்கியது. அதில் குளவி கூடு கட்டியிருந்தது. குளவியைக் கலைக்கலாமே என்று யாராவது சொன்னால், "பாவம், அதுவும் ஒரு ஜீவன்தானே" என்பார் முள்ளம்பன்றி.

ஐப்பசி மழைக்கு அந்த ஏரிக்கு வாத்துக் கூட்டம் வரும். பனிமலைக்கு அப்பாலிருந்து வரும் பட்டைத்தலை வாத்துகள். வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு. அந்த வருஷம் ஏரிக்கரையை உயர்த்தும் வேலை நடந்தது. வாத்துகள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அலகில் மண் சுமந்து கரையில் போட்டன. உள்ளூர்ப் பறவைகளுக்கு மண் சுமந்தால் கழுத்து வலிக்கும் என்பதால், வேலைக்கு ஆள் வந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆள் வந்தது சரி, அவர்களுடைய பிள்ளைகளும் ஏன் கூடவே வந்தார்கள் என்பதுதான் பலருக்கும் புரியவில்லை.

அப்படி வந்த ஒரு பிள்ளை பேமா. அவளை அவள் அம்மா பள்ளிக்கு அழைத்து வந்தாள்.

"மாற்றுச் சான்றிதழ் இருக்காம்மா?" என்று கேட்டார் முள்ளம்பன்றி.

"இல்லைங்க சார்."

"பரவாயில்லை. அதைக் கேட்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நான் கேட்கல."

"இப்பக் கேட்டீங்களே சார்."

"அது பேச்சுக்குக் கேட்டது. புள்ளை ஏற்கெனவே எங்க படிச்சா?"

"நாலு காட்டுல படிச்சா சார். நாலுலயும் ஒண்ணாம் வகுப்பு."

"அப்ப ஒண்ணாம் வகுப்புல நல்ல அனுபவம்" என்றார் முள்ளம்பன்றி. "இங்கயும் அதுலயே உட்காரட்டும். ஆனா பதிவேட்டுல பேர் ஏறாது. அதுக்குச் சான்றிதழ் வேணும்."

இதுதான் பேமாவின் தலைவிதி. எந்தக் காட்டிலும் அவளை யாரும் விரட்டவில்லை. எந்தக் காட்டிலும் அவள் பெயரை எழுதவும் இல்லை. பெயர் எழுதாததால் போகும்போது சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாததால் அடுத்த காட்டில் மறுபடியும் முதலிலிருந்து. நாலு காட்டில் நாலு விதமான அணில் படம் பார்த்தாகிவிட்டது. அணிலுக்கு முதுகில் எத்தனை கோடு என்று அணிலைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

'இரண்டாம் வகுப்பு' என்று எழுதிய ஒரு சான்றிதழ் வேண்டும், இரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடம் என்ன என்று தெரிய வேண்டும். அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லை. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. பேமா அதை ஒட்டித்தான் உட்கார்ந்தாள். ஆனால் முதல் பாடத்தை ஆனி மாதமே நடத்தி முடித்துவிடுவார்கள். ஐப்பசியில் வருகிற பிள்ளைக்கு அது எப்படிக் காதில் விழும்?

வகுப்பு நடத்தியது கொக்கு டீச்சர். நல்ல மனுஷி, அதாவது நல்ல கொக்கு. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பேர் கூப்பிடுவார். பேமாவின் பேர் பதிவேட்டில் இல்லாததால் கூப்பிட மாட்டார். பேமா தினமும் "உள்ளேன் டீச்சர்" என்று தானாகச் சொல்லிக்கொள்வாள். டீச்சர் பாவம் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார்.

மத்தியானம் சத்துணவில் அவித்த முட்டை போட்டார்கள். பேமா தொடவில்லை. ஒரு வாத்து ஏன் முட்டை சாப்பிடாது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 'வடக்கத்திப் பிள்ளைகள் நம் சாப்பாட்டுக்குப் பழகவில்லை' என்று குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த வகுப்பில் வாலரசு என்று ஒரு குரங்குப் பயல் இருந்தான். அவன் அப்பாதான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். கொடுமை தடுப்புக் குழுவுக்கும் அவரே தலைவர், ஏனென்றால் கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிற ஒரே ஆள் அவர்தான். கூட்டத்தில் வடை போடுவார்கள்.

பேமாவின் தலையில் இருந்த இரண்டு கோட்டைப் பார்த்த முதல் நாளே வாலரசு பேர் வைத்துவிட்டான்: "ஏய், ரெண்டுகோடு நோட்டு!" வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் ஒரு எலிக்குட்டி அவள் தலையில் பென்சிலால் 'அ' எழுதப் பார்த்தது. அதெல்லாம்கூடப் பேமாவுக்குப் பழக்கம்தான். மூன்றாம் நாள்தான் வாலரசு அவள் சிறகிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கினான்.

புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்தால் குட்டி போடும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். நீங்களும் பென்சில் சீவலைத் தீனியாகப் போட்டு ராத்திரியெல்லாம் காத்திருந்தவர்தான். உள்ளூர் மயிலிறகே குட்டி போடும் என்றால் வெளியூர் இறகு எத்தனை போடும் என்று வாலரசு கணக்குப் போட்டான். தன் சூழ்நிலையியல் நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஓர் இறகு என்று ஒட்டினான். எது முதலில் குட்டி போடுகிறது என்று தெரிய வேண்டுமே, அதனால் ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி போட்டான். அதுவரை எந்த நோட்டிலும் தேதி போடாத பயல்.

அன்றிலிருந்து தினம் ஓர் இறகு. பிடுங்குவான், ஒட்டுவான், தேதி போடுவான். வலிக்கும். பேமா கத்த மாட்டாள். கத்தினால் 'வகுப்பில் சத்தம் போடுகிறாள்' என்று வெளியே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. கதை சொல்கிறவனுக்கு ஆத்திரம் ஆகாது என்பார்கள், போகட்டும்.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா மகளைக் குளிப்பாட்டும்போது சிறகை விரித்துப் பார்த்தாள். வலது சிறகில் பாதி மொட்டை. திங்கட்கிழமை மண் வேலைக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கு வந்தாள்.

"சார், எம் பொண்ணு இறகை அவ வகுப்புப் பையன் வாலரசு பிடுங்கறான். அறுபது இறகுக்கு மேல போச்சு. புகார் எழுதிக்கோங்க."

புகார் என்ற வார்த்தையைக் கேட்டதும் முள்ளம்பன்றியின் முள்ளெல்லாம் எழுந்து நின்றது. அலமாரியில் ஒழித்து வைத்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார்.

"இங்க பாரும்மா. ஒரு மாணவர் இன்னொரு மாணவரைத் துன்புறுத்தினாத்தான் ஒன்பதாம் பிரிவு. உம் பொண்ணு பதிவேட்டுலயே இல்லையே. அவ மாணவி இல்லை."

"அப்ப அவ யாரு சார்?"

"பள்ளிக்கூடத்துல உட்கார்ந்திருக்கிற ஒரு பறவை. பறவையோட இறகைப் பிடுங்கினா அது வனத்துறை பார்க்க வேண்டிய விஷயம்."

"வனத்துறை எங்க இருக்கு சார்?"

"இது காடும்மா. எல்லா இடமும் வனத்துறைதான்" என்றார் அவர்.

அம்மா விடவில்லை. மண் சுமந்து பழகிய வாத்துக்குப் பொறுமை அதிகம். பள்ளி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கென்று வட்டாரக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அவர் ஒரு காட்டெருமை. எந்தப் பிரச்சினையையும் உடனே தீர்க்கிறவர் என்று பேர் வாங்கியவர், அதாவது அதை வேறு கோப்புக்கு மாற்றுகிறவர்.

எல்லாரையும் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். அம்மா, பேமா, வாலரசு, அவன் அப்பா, கொக்கு டீச்சர்.

"இவ மாணவி ஆயிட்டா எல்லாம் சரியாயிடும்ல?" என்றார் காட்டெருமை. "பதினோராம் பிரிவுல வழி இருக்கு. சான்றிதழ் இல்லாத புள்ளை, தொண்ணூறு நாள் பள்ளிக்கு வந்ததுக்கு நாள்வாரி எழுத்து ஆதாரம் இருந்தா, அப்பவே சேர்த்துக்கிட்டு வருஷக் கடைசியில இரண்டாம் வகுப்புக்குத் தேர்ச்சி குடுத்திடலாம். டீச்சர், வருகைப் பதிவேட்டைக் கொண்டாங்க."

"அதுல இவ பேர் இல்லீங்க ஐயா" என்றார் கொக்கு. "பேர் இல்லாததால நான் கூப்பிடல. கூப்பிடாததால எழுதல. ஆனா தினமும் வந்தா, அது எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சா போதுமா? காகிதத்துக்குத் தெரிய வேண்டாமா?"

இரண்டாம் வகுப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் பேமா அம்மாவின் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். அவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"ஐயா, நாள்வாரியா இருக்கு. தேதியோட இருக்கு."

"எங்க?"

"வாலரசு நோட்டுல."

வாலரசு பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினான். காட்டெருமை கொம்பை நீட்டிப் பையை இழுத்து நோட்டைப் பிரித்தார். பக்கத்துக்கு ஓர் இறகு, அடியில் தேதி. ஒரு நாளும் விடவில்லை. பொங்கல் விடுமுறைக்கும் சனி, ஞாயிறுக்கும் மட்டும் இடைவெளி, அதுவும் அரசு காலண்டரோடு ஒத்துப்போனது. எண்ணினார். அறுபத்திரண்டு.

"அடடா!" என்றார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பதிவேட்டைப் பார்த்ததில்லை. அடித்தல் திருத்தல் இல்லை, விடுபட்ட நாள் இல்லை. தம்பி, இதை நீயாவா பராமரிச்சே?"

வாலரசு அப்பாவைப் பார்த்தான். அப்பா லேசாகத் தலையசைத்தார்.

"ஆமாங்க ஐயா" என்றான் வாலரசு.

"இது திருட்டுங்க ஐயா! எம் பொண்ணு உடம்புல இருந்து பிடுங்கினது!" என்று கத்தினாள் அம்மா.

காட்டெருமை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நல்லாக் கேளுங்க. ஒன்பதாம் பிரிவுக்குச் சிவப்புக் கோப்பு. பதினோராம் பிரிவுக்குப் பச்சைக் கோப்பு. இந்த நோட்டைக் கொடுமைக்கு ஆதாரம்னு சிவப்புல வச்சா, முத்திரை போட்டுப் பூட்டிடுவாங்க, விசாரணை முடியறவரைக்கும் வெளிய வராது. வருகைக்கு ஆதாரம்னு பச்சையில வச்சா, பாப்பா சேர்ந்துடுவா. ஆனா ஒரே ஆதாரம் ரெண்டு கோப்புல இருக்க முடியாது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"ஜெராக்ஸ் எடுத்துக்கலாமே ஐயா" என்றார் கொக்கு டீச்சர் மெதுவாக.

"வெள்ளை இறகை ஜெராக்ஸ் எடுத்தா கறுப்பா வரும் டீச்சர். அது காக்கா வந்ததுக்குத்தான் ஆதாரம் ஆகும்."

அம்மா பேமாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "புகாரைக் குடு கண்ணு. மொட்டையடிச்சவனைச் சும்மா விடக் கூடாது."

"புகார் குடுத்தா அவனைத் திட்டுவாங்கம்மா. அப்புறம் நான் திரும்பப் போயி அணில் படிப்பேன்" என்றாள் பேமா. "எனக்கு ரெண்டாம் வகுப்பு வேணும்."

பச்சைக் கோப்பு என்று முடிவாயிற்று. காட்டெருமை உறுதிமொழிக் கடிதம் சொல்லச் சொல்ல, கொக்கு டீச்சர் எழுதினார்: 'மேற்படி இறகுகள் எனது வருகைக்கு அடையாளமாக நானே மனமுவந்து நாள்தோறும் கொடுத்தவை. இதில் யாருடைய வற்புறுத்தலும் இல்லை.' பேமா கீழே அலகால் கையொப்பம் வைத்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். தேர்ச்சிக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் பாக்கி.

"பதிவேடு பாதியில மாறக் கூடாது" என்று கிளம்பும்போது சொன்னார் காட்டெருமை. "மீதி நாளும் இதே மாதிரிதான். இதே நோட்டு, இதே இறகு, இதே தம்பி தேதி போடணும்."

ஊரில் நடக்கிற எதுவும் உத்தரவாக வந்துவிட்டால் அதில் ருசி போய்விடும். மறுநாள் காலை பேமா தானாக வந்து சிறகை நீட்டினாள். வாலரசு எரிச்சலோடு பிடுங்கினான். அதற்கடுத்த நாள் வேண்டாவெறுப்பாகப் பிடுங்கினான். நாலாம் நாள் புளியமரத்தில் ஏறி ஒளிந்துகொண்டான். பேமா மரத்தடியில் நின்று கூப்பிட்டாள்.

"டேய் வாலரசு, இறங்கி வாடா! இன்னைக்குத் தேதி போடணும்!"

"போ ரெண்டுகோடு! இது வீட்டுப்பாடம் மாதிரி ஆயிடுச்சு. எனக்கு வேண்டாம்."

"இன்னும் இருபத்தஞ்சுதான்டா. என் செல்லம்ல!"

பள்ளி முழுக்க இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தது. பிடுங்கினவன் ஓடுகிறான், பிடுங்கப்பட்டவள் துரத்துகிறாள். மூன்று நாள் பொறுத்த வாலரசு, குளவிக்குப் பயப்படாமல் புகார்ப் பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டான்: 'பேமா என்னைத் தினமும் தொந்தரவு செய்கிறாள்.'

வாலரசு பதிவேட்டில் இருக்கிற மாணவன். ஆகவே அது முறையான புகார். கொடுமை தடுப்புக் குழு வடையோடு கூடியது. முள்ளம்பன்றிக்குக் கேடயம் கைநழுவிப் போகிற பயத்தில் வியர்த்துக் கொட்டியது. கடைசியில் குழுவே ஒரு வழி கண்டுபிடித்தது. பேமா இன்னும் மாணவி இல்லை என்பதால் இதுவும் கொடுமை ஆகாது. ஆனால் வெளியாள் ஒருவர் மாணவனைத் துரத்துவதை அனுமதிக்க முடியாது. மறுபடி துரத்தினால் பள்ளிக்குள் விடமாட்டோம் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து பேமா துரத்துவதை விட்டுவிட்டாள். காலையில் வகுப்புக்கு வருவாள், கண்ணை மூடிக்கொள்வாள், தன் அலகாலேயே தன் இறகு ஒன்றைப் பிடுங்குவாள். அதை வாலரசுவின் பலகையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "தேதி மட்டும் போட்டுடு" என்பாள்.

வாலரசு கெட்ட பயல்தான், ஆனால் அவனுக்கும் இது பிடிக்கவில்லை. இரண்டு வாரம் பார்த்தான். பிறகு ஒருநாள் கேட்டான்.

"வலிக்குதா?"

"நீ பிடுங்கினப்ப கேட்கலையே."

அவன் மறுநாள் ஏரிக்கரையில் கிடந்த ஒரு வெள்ளை இறகை எடுத்து வந்து, "இன்னைக்கு இதை ஒட்டிக்கலாம், நீ பிடுங்க வேண்டாம்" என்றான். ஒட்டித் தேதியும் போட்டான். அந்த ஒரு நாள் பேமாவுக்கு வலி இல்லை. ஆனால் மாதக் கடைசியில் சரிபார்க்க வந்த காட்டெருமை அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். இறகை முகர்ந்து பார்த்தார்.

"இது கொக்கு இறகு. ஆசிரியர் வருகையை மாணவர் வருகையில ஒட்டறது பெரிய குற்றம், தெரியுமா? இந்த நாள் செல்லாது."

பேமா ஒருநாள் கூடுதலாக வர வேண்டியதாயிற்று.

மாசி முடிந்து பங்குனி பிறந்தது. தொண்ணூறாவது இறகு ஒட்டப்பட்டது. பேமாவின் பேர் பதிவேட்டில் ஏறியது, ஆண்டுத் தேர்வும் முடிந்தது, 'இரண்டாம் வகுப்புக்குத் தேர்ச்சி' என்ற சான்றிதழ் அவள் அலகில் வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவளைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். உரித்த கோழி மாதிரி நின்றுகொண்டு, அத்தனை சந்தோஷமாக ஒரு பறவை சிரித்து நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கு விழா எடுத்தார்கள். முள்ளம்பன்றி 'கொடுமையில்லாப் பள்ளி' கேடயத்தை வாங்கிக்கொண்டார். வாலரசுவுக்குப் 'புலம்பெயர் தோழன்' என்று பதக்கம் போட்டார்கள். அவன் அதை வாங்கி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாக ஓடிவிட்டான். காட்டெருமை அந்த நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அதே மேடையில் சிங்கம் ஒரு சட்டத் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டது, நான் முதலில் சொன்னேனே அந்தக் கையெழுத்துதான். இனி எல்லாக் காடுகளிலும் வெளியிலிருந்து வரும் பறவைப் பிள்ளைகளுக்கு 'ஒரு நாள் ஒரு இறகு' முறையில் வருகை எடுக்கப்படும். இறகு இல்லாத செம்மறிக் குட்டிகள் ரோமம் தரலாம். கூட்டம் கைதட்டியது.

தெற்குக் காற்று திரும்பியது. வாத்துக் கூட்டம் மலைக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. எல்லாரும் ஏரிக்கரையில் வரிசை கட்டி ஓடி எழும்பினார்கள். பேமாவும் சான்றிதழைக் கவ்விக்கொண்டு ஓடினாள். அவள் அம்மா சுமந்து போட்ட மண்கரைதான் அது. கரை முடியும் இடத்தில் குதித்தாள். கல் விழுந்த மாதிரித் தண்ணீரில் விழுந்தாள். மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தாள். ஐந்தாவது தடவை அம்மா வந்து முன்னால் நின்று மறித்துக்கொண்டாள்.

"போதும் கண்ணு. இறகு முளைக்க அடுத்த ஐப்பசி ஆகும்."

அம்மா மகளோடு தங்கிவிட, அப்பா மட்டும் இரண்டு தம்பிகளோடு தலைக்கு மேலே மூன்று சுற்று சுற்றினார். அதற்கு மேல் காற்று காத்திருக்காது. கூட்டம் வடக்கே சிறுத்துக்கொண்டே போய் மறைந்தது. பேமா தண்ணீரிலிருந்து ஏறி, நனைந்த சான்றிதழை வெயிலில் காய வைத்தாள். எழுத்து அழியவில்லை. நல்ல மை போட்டிருந்தார்கள்.

அந்த வருஷ அறிக்கையில் முள்ளம்பன்றி எழுதினார்: 'புலம்பெயர் மாணவர் இடைநிற்றல்: பூஜ்யம். முன்பெல்லாம் பங்குனியில் பறந்துவிடும் பிள்ளைகள், திட்டத்தின் பயனாக இப்போது நிலையாகத் தங்கிப் படிக்கின்றனர்.' அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆனியில் பள்ளி திறந்தது. பேமா தட்டிக்கு அந்தப் பக்கம் போவதற்கு முன்னால் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், நான் இப்ப மாணவிதானே?"

"சந்தேகமே இல்லை. பதிவேட்டுல இருக்கே."

"அப்ப நான் புகார் குடுக்கலாமா?"

"தாராளமாக் குடு பாப்பா. உன் உரிமை அது. ஆதாரம் இருக்கா?"

"அந்த நோட்டு."

"அது பச்சைக் கோப்புல இருக்கு. அதை வெளிய எடுத்தா உன் சேர்க்கை ரத்தாயிடும். சேர்க்கை ரத்தானா நீ மாணவி இல்லை. மாணவி இல்லைன்னா..." முள்ளம்பன்றிக்கே சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது போலிருக்கிறது. "போய் வகுப்புல உட்காரும்மா. முதல் பாடம் ஆரம்பிச்சிருப்பாங்க."

முதல் பாடம் என்றதும் பேமா ஓடினாள். அந்த வருஷம் கொக்கு டீச்சர் இரண்டாம் வகுப்புக்கு மாறியிருந்தார். பதிவேட்டைத் திறந்து, "பேமா" என்று கூப்பிட்டார். "உள்ளேன் டீச்சர்" என்றாள் பேமா. கூப்பிட்டுச் சொல்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

டீச்சர் புதுப் புத்தகத்தை அவளிடம் கொடுத்து, முதல் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பேமா பக்கத்தைத் திருப்பினாள். அணில் இல்லை. நீல வானமும் ஒரு பறவையும் படமாக இருந்தன. அவள் எழுத்துக் கூட்டாமல், ஒரு இடத்திலும் தடுக்காமல் படித்தாள்.

"பறவைக்கு இறகு உண்டு. பறவை பறக்கும்."

வகுப்பில் வாலரசு மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தார். பிறகு, பாடத்தின் முடிவில் ஒரு கேள்வி இருந்ததால், சட்டப்படி அதைக் கேட்டார்.

"பறவை ஏன் பறக்கிறது, பேமா?"

பேமா தன் மொட்டைச் சிறகைப் பார்த்துக்கொண்டாள்.

"சான்றிதழ் இல்லாததால், டீச்சர்" என்றாள்.

நீதி: உங்களைக் கொடுமை செய்கிறவர் தினமும் ஒழுங்காகத் தேதி போடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்குப் பிற்காலத்தில் அது ஒன்றுதான் ஆதாரம்.